ஓர் அடி

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை முதலிய நிலையங்களைக் கடந்து கிண்டியை அடைகிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், குதிரைப் பந்தயத் திடலின் நடுவே, பசும்புல் விரிந்த ஆடுகளம் ஒன்று நெடுங்காலம் இருந்து வந்தது. சென்னை ஜிம்கானா கிளப்பினர் அங்கே கோல்ப் ஆடினர். பந்தயத் திடல் இருந்த நிலத்தைத் தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டில் மீட்டுக்கொண்டது. கிண்டிக்கு வடக்கே, நந்தனத்தில், அண்ணா சாலையை ஒட்டி மற்றொரு கோல்ப் திடல் உள்ளது. இவ்விடங்களின் அருகே நாள்தோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியரும் அவருள் உளர். ஆயினும், மதிலுக்கு அப்பால் நடைபெறுவது எத்தகைய ஆட்டம் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

கபடி ஆடுவதற்கு ஒரு சிறு மணல்வெளி போதும். கிரிக்கெட் ஆடுவதற்குச் சந்தும் சுவரும் இருந்தாற்போதும் என்பதை நம் தெருச் சிறுவர்கள் மெய்ப்பித்திருக்கின்றனர். கோல்ப் அத்தகைய ஆட்டம் அன்று. அதற்குப் பெருநிலம் வேண்டும். அந்நிலத்திற்கு நாள்தோறும் நீர் வேண்டும். ஆடுவோர்க்கு விலையுயர்ந்த மட்டைகள் வேண்டும். ஆதலின் அது செல்வர்க்கே உரிய ஆட்டம் என்னும் எண்ணம் நிலவுகிறது. அவ்வெண்ணம் முற்றும் தவறு என்று சொல்வதற்கில்லை. எனினும் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள் காலையில், அவ்வாட்டத்தின் விதி ஒன்றையேனும் அறியாத இலட்சக்கணக்கான இந்தியர், தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஜப்பானில் ஆடிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணைக் கண்கொட்டாமல் பார்த்தனர். அப்பெண்ணின் பெயர் அதிதி அசோக். பெங்களூரைச் சேர்ந்தவர். அவர் அன்று எதற்காகப் போராடினார், எதனை இழந்தார் என்பதை உணர வேண்டுமாயின், முதலில் அந்த ஆட்டத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

கோல்ப் திடலில் 18 குழிகள் உண்டு. குழியின் வாய் நான்கேகால் அங்குல அகலமே உடையது. ஒவ்வொரு குழிக்கும் ஒரு தொடக்க இடம் உண்டு. அங்கிருந்து குழி நூற்றைம்பது கெஜத் தொலைவிலும் இருக்கலாம். ஐந்நூறு கெஜத்துக்கு அப்பாலும் இருக்கலாம். இடையில் மரங்களும், நீர்நிலைகளும், மணல் நிரம்பிய பள்ளங்களும் இருக்கும். குழியைச் சூழ்ந்த தரையிலோ புல்லைக் கம்பளம் போல் ஒட்டக் கத்தரித்திருப்பர். எலுமிச்சம்பழம் அளவுள்ள வெண்ணிறப் பந்தைத் தொடக்க இடத்திலிருந்து மட்டையால் அடித்து, அது விழுந்த இடத்திற்கு நடந்து சென்று மீண்டும் அடித்து, முடிவில் குழிக்குள் வீழ்த்துதல் வேண்டும். எத்தனை அடியில் வீழ்த்தினோம் என்பதே கணக்கு. 18 குழிகளையும் முடித்தால் ஒரு சுற்று நிறைவுறும். பெரும் போட்டிகளில் நாளுக்கு ஒரு சுற்றாக நான்கு நாள் ஆடுவர். மிகக் குறைந்த அடிகளில் முடித்தவரே வெற்றி பெற்றவர்.

ஒரு சுற்றில் நடக்க வேண்டிய தொலைவு சிறிதன்று. திடலின் நீளம் மட்டுமே ஆறாயிரம் கெஜத்துக்கு மேல் இருக்கும். தாம்பரம் நிலையத்திலிருந்து சானடோரியம், குரோம்பேட்டை வழியாகப் பல்லாவரம் வரையில் வெயிலில் நடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வளைந்தும் திரும்பியும் நடப்பதைச் சேர்த்தால் தொலைவு இன்னும் மிகும். இவ்வாறு நான்கு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்; அதுவும் நான்கு நாள்.

ஒவ்வொரு குழியையும் இத்தனை அடிகளில் முடித்தல் வேண்டும் என ஓர் எண்ணை வகுத்துள்ளனர். அதனைப் ‘பார்’ என்பர். அருகிலுள்ள குழிக்கு மூன்று, தொலைவிலுள்ளதற்கு ஐந்து, ஏனையவற்றிற்கு நான்கு என்பது பொது வழக்கு. 18 குழிகளின் எண்களையும் கூட்டினால் 70, 71 அல்லது 72 வரும். அதைவிடக் குறைவான அடிகளில் முடிப்பவர் சிறந்த ஆட்டக்காரர்.

இங்கே ஒரு வியப்பைக் கருத வேண்டும். வலிமையெல்லாம் திரட்டி இருநூற்றைம்பது கெஜத் தொலைவுக்குப் பந்தை விண்ணில் செலுத்தினாலும் அது ஓர் அடி. குழியின் விளிம்பில் நிற்கும் பந்தை இரண்டங்குலம் மெல்ல உருட்டினாலும் அதுவும் ஓர் அடி. கணக்கில் இரண்டிற்கும் வேறுபாடு இல்லை. முதல்நாள் காலையில் அசட்டையாகப் போக்கிய ஓர் அடி, நான்காம் நாள் மாலையில் பெருங்கூட்டத்தின் நடுவே தவறிய அடியோடு ஒத்த மதிப்புடையதாகிறது.

மற்றொரு சிறப்பும் இவ்வாட்டத்திற்கு உண்டு. கால்பந்திலும் கிரிக்கெட்டிலும் நடுவர் உடன் நிற்பார்; தவறு கண்டால் ஊதுகுழல் ஊதுவார்; விரலை உயர்த்துவார். கோல்ப் திடல் பரந்து கிடப்பது, ஆடுவோர் பலர். ஒவ்வொருவர் பின்னும் ஒரு நடுவர் செல்லுதல் இயலாது. ஆகவே, பந்து தற்செயலாக அசைந்தால் அதனை ஆடுபவரே அறிவித்து, விதி கூறும் தண்டனையைத் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். ஒருவர் ஆட்டத்தை உடன் ஆடுபவர் ஓர் அட்டையில் குறித்து வருவார். சுற்று முடிந்ததும் ஆடியவர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பம் இட வேண்டும். உண்மையில் அடித்ததைவிடக் குறைவான எண் ஒரு குழிக்கு எழுதப்பட்டிருந்து, அதில் அவர் கையொப்பமிட்டுவிட்டால், போட்டியிலிருந்தே விலக்கப்படுவார்.

இவ்விதி எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 1957ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்கள் ஓபன் போட்டியில் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜாக்கி பங் என்னும் அம்மையார் எல்லாரினும் ஓர் அடி குறைவாக முடித்தார். மக்கள் ஆரவாரம் செய்தனர். ஆனால் அவருடைய அட்டையில் நான்காம் குழிக்கு ஆறு என்பதற்குப் பதில் ஐந்து என்று உடன் ஆடியவர் எழுதியிருந்தார். கூட்டுத்தொகை சரியாகவே இருந்தது. குழியின் எண் மட்டுமே பிழை. அதனைக் காணாது அம்மையார் கையொப்பமிட்டுவிட்டார். வெற்றி அவர் கையை விட்டுப் போயிற்று. வருந்திய கிளப்பினரும் பார்வையாளரும் பணம் திரட்டி அவருக்கு அளித்தனர். அத்தொகை வெற்றியாளர் பெற்ற பரிசினும் மிகுதி. பணம் வந்தது; பட்டம் வரவில்லை.

நம் நாட்டிற்கு இவ்வாட்டம் புதியது அன்று. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலேயே ஒரு கோல்ப் கிளப் தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதனினும் பழைய கிளப் இல்லை என்பர். ஒலிம்பிக் விளையாட்டில் முதன்முதல் பெண்கள் கோல்ப் ஆடியது 1900ஆம் ஆண்டில், பாரிசு ஒலிம்பிக்கில். அதில் வென்ற அமெரிக்கப் பெண் மார்கரெட் அபாட் பிறந்த ஊர் யாது தெரியுமா? நம் கல்கத்தாவே. தாம் வென்றது ஒலிம்பிக் போட்டி என்பதையே அறியாமல் அவர் 1955இல் மறைந்தார். அக்காலத்தில் அப்போட்டிகள் அத்துணைக் குழப்பமாக நடந்தன. அதன்பின் பெண்கள் கோல்ப் மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற 116 ஆண்டுகள் கடந்தன. மீண்டும் தொடங்கிய அந்த 2016ஆம் ஆண்டு ரியோ போட்டியில் ஆடியவருள் ஒருவர்தாம் அதிதி.

அதிதி 1998ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் பெங்களூரில் பிறந்தார். பெற்றோர் இருவருக்கும் கோல்ப் தெரியாது. கர்நாடக கோல்ப் சங்கத் திடலை நோக்கியவாறு ஓர் உணவு விடுதி இருந்தது. அங்கே குடும்பத்தோடு காலையுணவு கொள்ளச் சென்றபோது, புல்வெளியில் சிலர் பந்துருட்டுவதை ஐந்து வயதுச் சிறுமி கண்டாள். தானும் ஆட விரும்பினாள். வேறொரு தந்தையாயின், “அஃது பெரியவர் ஆட்டம், உண்டு முடி” என்று சொல்லியிருக்கக்கூடும். அதிதியின் தந்தையார் மகளை அழைத்துச் சென்று விசாரித்தார். தந்தையும் மகளும் ஒருங்கே கற்கத் தொடங்கினர்.

இதனைச் சிறிது ஆராய்தல் நன்று. நம் நாட்டு ஆண்களில் வறிய குடும்பத்திலிருந்து கோல்ப் வீரரானோர் உளர். ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து உடன் செல்வோரைக் ‘கேடி’ என்பர். நம் பேச்சு வழக்கில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. கோல்ப் திடலிலோ அது மதிப்புடைய பணி. காற்றின் திசையையும் தரையின் சரிவையும் கணித்து, எந்த மட்டையை எடுக்கலாம் என்று அறிவுரை கூறுபவர் அவரே. அவ்வாறு பெங்களூரில் பை சுமந்து ஆட்டம் கற்ற சி. முனியப்பா என்பவர் 2009ஆம் ஆண்டில் இந்தியன் ஓபன் போட்டியிலேயே வென்றார். ஆனால் பெண்பிள்ளைகளைப் பை சுமக்க அனுப்பும் வழக்கம் நம்மிடையே பெரும்பாலும் இல்லை. எனவே அவர்களுக்கு அந்தப் பின்வாயிலும் இல்லை. பெற்றோர் கைப்பிடித்து அழைத்துச் சென்றாலன்றி ஒரு பெண் மதிலைக் கடப்பது அரிது. தாம்பரத்திலும் சேலையூரிலும் எத்தனையோ பெண்கள் ஓட்டத்திலும் கைப்பந்திலும் சிறந்து விளங்குகின்றனர். கோல்ப் மட்டையைத் தொட்டவர் மிக அரியர். திறமை இல்லாமை காரணம் அன்று. திடல் இல்லாமையே காரணம்.

அதிதி விரைவாக வளர்ந்தார். 2011ஆம் ஆண்டில், 13 வயதில், தொழில்முறை ஆட்டக்காரரோடு மோதி ஒரு போட்டியில் வென்றார். 2012, 2013, 2014 ஆகிய மூன்றாண்டுகளும் இளையோர் தேசியப் பட்டம் அவருடையதே. 2015இல் பிரிட்டனில் தொழில்முறை சாராப் பெண்களுக்கான அடிக்கணக்குப் போட்டியில் வென்றார். ஓய்வு நேரத்தில் ஆடிப் புகழ்பெற்ற பலர் அந்த அளவில் நின்றுவிடுவதுண்டு. அதிதி அதனையே தம் தொழிலாகக் கொள்ளத் துணிந்தார்.

தொழில்முறை ஆட்டம் என்பது மாதந்தோறும் சம்பளம் வரும் பணி அன்று. இதனை மாணவர்கள் தெளிவாக அறிதல் வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களுக்கெனத் தனித்தனிச் சங்கங்கள் உள்ளன. அமெரிக்கச் சங்கத்தை 1950ஆம் ஆண்டில் 13 பெண்கள் கூடித் தொடங்கினர். அவர்கள் தாமே காரோட்டி ஊர் ஊராகச் சென்றனர். தாமே திடலைச் செப்பனிட்டனர். தாமே போட்டியை நடத்தித் தாமே ஆடினர். இன்று அச்சங்கங்கள் வாரந்தோறும் ஒவ்வொரு நாட்டில் போட்டி நடத்துகின்றன. அவற்றில் நுழைவதற்கே ஒரு தகுதித்தேர்வு உண்டு. நுழைந்த பின்னரும் கவலை தீர்வதில்லை. போட்டிக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் வருவர். முதலிரண்டு நாள் ஆட்டம் முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பர். அதற்கு மேலே உள்ளவரே எஞ்சிய நாள்கள் ஆடிப் பரிசு பெறலாம். கோட்டுக்குக் கீழே, ஓர் அடியால் நின்றவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதே. விமானக் கட்டணம், விடுதி வாடகை, உணவு, பை சுமப்பவர் ஊதியம் ஆகிய செலவுகளை மட்டும் எவரும் திருப்பித் தருவதில்லை. அடுத்த வாரம் வேறொரு நாடு, வேறொரு மண், வேறொரு காற்று. நம்மவர்க்கு நாட்டுக்கு நாடு நுழைவு அனுமதி பெறும் தொல்லையும் உண்டு.

இத்தகைய வாழ்க்கையை முதன்முதல் மேற்கொண்ட இந்தியப் பெண் கல்கத்தாவைச் சேர்ந்த ஸ்மிருதி மெஹ்ரா ஆவார். அவர் 1990களில் அமெரிக்கச் சங்கத்தின் போட்டிகளில் ஆடினார். அவருக்குப்பின் நெடுநாள் அவ்வழியில் நடப்பாரில்லை.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் மொராக்கோ நாட்டில் ஐரோப்பியச் சங்கத்தின் தகுதித்தேர்வு நடைபெற்றது. 17 வயது அதிதி அதில் முதலிடம் பெற்றார். அதில் அத்துணை இளம் வயதில் எவரும் அதற்குமுன் முதலிடம் பெற்றதில்லை. 2016 சனவரி முதல் நாளன்று தொழில்முறை ஆட்டக்காரரானார். அவ்வாண்டே பள்ளிப்படிப்பும் முடிந்தது. அவ்வாண்டே ரியோ ஒலிம்பிக்கும் வந்தது.

ரியோவில் அவருடைய பையைச் சுமந்தவர் தந்தையார் அசோக். முதல் நாள் 68 அடி. இரண்டாம் நாளும் 68 அடி. திடலின் பார் 71. நாடே நிமிர்ந்து பார்த்தது. மூன்றாம் நாள் 79. நான்காம் நாள் 76. முடிவில் 41ஆம் இடம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இஃது இழிவன்று. ஆயினும் இரண்டு நாள் ஏறிய மலையை இரண்டு நாளில் இறங்கியது போன்ற முடிவு அது. பலர் அவரை மறந்தனர்.

அவர் மறந்திருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் குருகிராமில் நடந்த இந்தியப் பெண்கள் ஓபன் போட்டியில் அனுபவம் மிக்க வெளிநாட்டினரை ஓர் அடி வேறுபாட்டில் வென்றார். ஐரோப்பியச் சங்கத்தின் போட்டி ஒன்றில் இந்தியப் பெண் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை. அத்திங்களிலேயே கத்தார் நாட்டுப் போட்டியிலும் வென்று, அவ்வாண்டின் சிறந்த புதுமுகம் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2017இல் அபுதாபியில் மூன்றாம் வெற்றி கிட்டியது. அவ்வாண்டு முதல் அமெரிக்கச் சங்கத்தின் போட்டிகளிலும் ஆடலானார். 2020ஆம் ஆண்டுக்குரிய அர்ச்சுனா விருதை இந்திய அரசு அவருக்கு வழங்கியது.

இனி, ஜப்பானுக்கு வருவோம். 2020இல் நடைபெற வேண்டிய டோக்கியோ ஒலிம்பிக், கொரோனாப் பெருந்தொற்றால் 2021இல் நடைபெற்றது. அப்போது உலக வரிசையில் அதிதியின் இடம் 200. ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களுக்கு முன் அவரையும் அத்தொற்று பற்றியிருந்தது. உடல் தேறினும் பழைய வலிமை முற்றும் திரும்பவில்லை. இயல்பிலேயே அவர் பந்தை நெடுந்தொலைவு அடிப்பவர் அல்லர். இப்போது அத்தொலைவு மேலும் குறைந்தது. இம்முறை பையைச் சுமந்தவர் தாயார் மகேஸ்வரி. உலக வரிசையில் முதலிடத்திலிருந்த அமெரிக்கரான நெல்லி கோர்டா, நியூசிலாந்தின் லிடியா கோ, சொந்த மண்ணில் ஆடிய ஜப்பானியரான மோனே இனாமி ஆகியோரோடு போட்டி. கோர்டா அடித்த பந்து அதிதியின் பந்துக்கு அப்பால் வெகுதூரம் சென்று விழும். பெரும்பாலான குழிகளில் அதிதியே முதலில் இரண்டாம் அடி அடிக்க நேர்ந்தது. அவருக்குக் குழி எப்போதும் தொலைவிலேயே இருந்தது.

இக்குறையை அவர் எதனால் ஈடுசெய்தார்? குழியை நெருங்கிய பின்னர் அடிக்கும் மென்மையான அடிகளால். அம்மென்புல் தரை மேசை போல் சமமாக இராது. கண்ணுக்குப் புலப்படாத மேடும் சரிவும் உடையது. இடப்புறம் உருட்டினால் வலப்புறம் வளையும். ஈரத்தில் மெல்லச் செல்லும், காய்ந்தால் விரைந்தோடும். அதனைக் கண்ணாலும் காலாலும் படித்தறிய வேண்டும். ஐந்து வயதில் அவரைக் கவர்ந்தது எதுவோ, அப்பந்துருட்டும் கலையே இப்போது கை கொடுத்தது. முதல் நாள் 67. இரண்டாம் நாள் 66. மூன்றாம் நாள் 68. மூன்று நாள் முடிவில் கோர்டாவுக்கு 198 அடி, அதிதிக்கு 201. தனியாக இரண்டாம் இடத்தில் நின்றார்.

நான்காம் நாள் புயல்மழை வரக்கூடும் என்னும் அச்சம் இருந்தது. ஆட்டம் நடைபெறாது போனால் மூன்று நாள் கணக்கே இறுதியாகும் என்றும், அவ்வாறாயின் அதிதிக்கு வெள்ளிப் பதக்கம் உறுதி என்றும் செய்தி பரவியது. நம் நாட்டில் மழையை வேண்டியோர் பலர். அன்பினால் வந்த வேண்டுதலே அது. எனினும், ஆடிப் பெற வேண்டியதை மழை பெற்றுத் தர வேண்டும் என விரும்புதல் விளையாட்டின் இயல்புக்கு ஒத்ததன்று. மழை வராமலும் இருக்கவில்லை. இடியும் மின்னலும் சூழ, சில குழிகளே எஞ்சியிருந்த நிலையில் ஆட்டத்தை நிறுத்தினர். சிறிது நேரம் கழித்து வானம் வெளுத்தது. மீண்டும் ஆடினர்.

அதிதி அன்று மோசமாக ஆடினார் என்று கூற இயலாது. 68 அடிகளில் முடித்தார். ஆனால் லிடியா கோவும் இனாமியும் அதனினும் சிறப்பாக ஆடினர். 72ஆம் குழியை அடைந்தபோது, பதக்கத்திற்கான போட்டியில் சேர அவருக்கு ஓர் அடி குறைக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்து பந்தை உருட்டினார். பந்து குழியில் விழவில்லை. கோர்டா 267 அடிகளில் தங்கம் வென்றார். இனாமியும் கோவும் 268. இருவரும் மீண்டும் மோதியதில் இனாமி வெள்ளியும் கோ வெண்கலமும் பெற்றனர். அதிதிக்கு 269. நான்காம் இடம்.

அந்த ஓர் அடி எது? இறுதிக் குழியில் தவறியதுதான் என்று பார்த்தவர் கூறுவர். அதுதான் கண்முன் நின்றது. ஆனால் 269 அடிகளுள் எதனையும் அந்த அடி எனலாம். முதல் நாள் காலையில் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய ஒரு பந்தாகவும் இருக்கலாம். இரண்டாம் நாள் புதரில் விழுந்த ஒன்றாகவும் இருக்கலாம். வேறு எந்தப் போட்டியாயினும் நான்காம் இடம் மகிழ்ச்சி தந்திருக்கும் என்னும் கருத்துப்பட அதிதி அன்று பேசினார். சங்கப் போட்டிகளில் நான்காம் இடத்திற்குப் பெரும்பரிசு உண்டு. ஒலிம்பிக்கில் ஒன்றும் இல்லை. அன்று மாலை ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா தங்கம் வென்றார். நாடு அக்களிப்பில் மூழ்கியது. காலையில் கண்கொட்டாமல் பார்த்த ஆட்டம் மறுநாட் செய்தித்தாளில் சிறு இடத்தையே பெற்றது.

2023ஆம் ஆண்டு அவருக்கு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்த ஆண்டு. பிப்ரவரியில் கென்யாவில் ஒன்பது அடி வேறுபாட்டில் வென்றார். ஏப்ரலில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மூவர் ஒத்த கணக்கில் முதலிடம் பெற, வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த கூடுதல் ஆட்டத்தில் முதற்குழியிலேயே தோற்றார். அக்டோபர் முதல் நாள் சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. அதற்கு முந்திய நாள் 61 அடிகளில் முடித்து, ஏழு அடி முன்னணியில் இருந்தார். ஏழு அடி என்பது கோல்ப் ஆட்டத்தில் ஒரு கோட்டை. தங்கம் கைக்கு வந்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினர். இறுதி நாளில் அவருக்கு 77 அடி ஆயிற்று. தாய்லாந்தின் ஆர்ப்பிச்சாயா யூபோல் இரண்டடி முந்தித் தங்கத்தை வென்றார். அதிதிக்குக் கிடைத்தது வெள்ளி. ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண் ஒருவர் கோல்ப் ஆட்டத்தில் பெற்ற முதற்பதக்கம் அது. எனினும் மேடையில் நின்ற அவர் முகத்தில் தங்கத்தின் நினைவே இருந்திருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. இரண்டு திங்கள் முழுதாகக் கழியுமுன் ஸ்பெயின் நாட்டு ஓபன் போட்டியில் வென்றார்.

இப்போது அவ்வழியில் அவர் தனியாக நடக்கவில்லை. செவிப்புலன் குறைந்து பிறந்த தீக்ஷா டாகர் என்னும் இடக்கை ஆட்டக்காரர் 2019இல் தென்னாப்பிரிக்காவிலும் 2023இல் செக் நாட்டிலும் ஐரோப்பியச் சங்கப் போட்டிகளில் வென்றார். செவித்திறன் குறைந்தோர்க்கான ஒலிம்பிக்கிலும் தங்கம் பெற்றார். மைசூரைச் சேர்ந்த பிரணவி அர்ஸ் முதலிய இளையோரும் வெளிநாடு சென்று ஆடுகின்றனர். தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் பெயரையும் இவ்வரிசையில் எழுதும் நாளை இக்கட்டுரை ஆசிரியர் எதிர்நோக்கியிருக்கிறார்.

2024ஆம் ஆண்டில் ஒலிம்பிக் மீண்டும் பாரிசு நகருக்கு வந்தது. கல்கத்தாவில் பிறந்த மார்கரெட் அபாட் 124 ஆண்டுகளுக்குமுன் அறியாமலே வென்ற ஒலிம்பிக் நடந்த நகரம் அது. அதிதியும் தீக்ஷாவும் அங்கே ஆடினர். ஒலிம்பிக்கில் மூன்றாம் முறையாக ஆடிய முதல் இந்திய கோல்ப் ஆட்டக்காரர் அதிதியே. நான்கு நாள் ஆட்டத்தின் முடிவில் வேறு சிலரோடு 29ஆம் இடத்தைப் பகிர்ந்துகொண்டு, அட்டையின் எண்களைக் குழிகுழியாகச் சரிபார்த்து, அவர் கையொப்பமிட்டார்.